மொட்டை மாடித் தளம் ஒழுகினால்: கொத்தனாரை அழைக்கும் முன் செய்து முடிக்க வேண்டியவை

ஐப்பசி மழையில் கூடத்தின் நடுவே வாளியை வைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே கொத்தனாரைத் தேடி அலைவது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். அந்த நேரத்தில் ஆள் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், ஈரம் ஊறிக் கிடக்கும் தளத்தின்மேல் சிமெண்ட் பாலை ஊற்றித் துடைப்பத்தால் இழுத்துவிட்டுப் போவதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய இயலாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களும் பழுதை ஆராய்ந்து குறித்துக்கொள்வதற்கு உரியவை. பழுது பார்ப்பதற்கு உரியவை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் நோய் எதுவென்று கண்டறிந்து, மார்கழி, தையில் மதிப்பீடு வாங்கி முடிவெடுத்து, மாசி, பங்குனியில் வேலையை முடிப்பது சரியான ஒழுங்கு. அக்னி நட்சத்திர வெயிலில் புதிய சுண்ணாம்புத் தளமும் சிமெண்ட் பூச்சும் நனைத்து முடிப்பதற்குள் காய்ந்து வெடிக்கின்றன. ஆதலால் சித்திரையின் பிற்பகுதியைத் தவிர்ப்பது நல்லது. ஆடி மாதத்தில் புதுவீட்டு வேலையை யாரும் தொடங்குவதில்லை என்பதால் கொத்தனார்கள் எளிதாகக் கிடைப்பார்கள். ஆனால் சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் அந்த மாதங்களின் மாலைகளில் இடியுடன் மழை கொட்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பின்னாக ஒரு வாரம் வேலை நகராது.

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் கான்கிரீட் கூரையும், அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும், அதற்கும் மேல் தட்டோடும் பதித்த வீடுகளுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் எழுந்த தனி வீடுகளில் பெரும்பான்மை இவ்வகையே.

நம் தலைக்கு மேல் இருப்பது என்ன

அடியில் நாலரை அல்லது ஐந்து அங்குலக் கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பலகம் இருக்கிறது. அதன்மேல் ஏறத்தாழ 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு. கொத்தனார்கள் இதைச் சுருக்கி என்பார்கள். பொதுப்பணித் துறையின் பழைய விவரக்குறிப்பில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மணலே கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் 9 அங்குலச் சதுரத் தட்டோடுகளைச் சாந்தில் பதித்து, இடுக்குகளை நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் பூசி முடிப்பார்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சந்திக்கும் மூலை நெடுகிலும் நீர் நிற்காதபடி உருட்டிப் பூசியிருப்பார்கள்.

இந்த அடுக்குகள் ஒரே நேரத்தில் பழுதடைவதில்லை. முதலில் போவது ஓட்டு இடுக்கு. பகலில் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் ஓடுகளுக்கு நடுவே சிமெண்ட் கோடு மயிரிழையாக வெடிக்கிறது. அடுத்து, கைப்பிடிச் சுவரோர மூலைப் பூச்சு சுவரை விட்டுப் பிரிகிறது. மூன்றாவதாக, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுற்றிய பூச்சு. இந்த மூன்று வழிகளிலும் நுழைகிற நீர் உடனே கீழே சொட்டிவிடாது. நடுவிலிருக்கும் சுண்ணாம்பு அடுக்கு அதைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கான்கிரீட்டில் விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே தேடிப் போய் இறக்குகிறது. மேலே வெடித்திருக்கும் இடமும் கீழே ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை மனத்தில் நிறுத்தாமல் செலவழித்த பணமே இந்த வேலையில் அதிகமாக வீணாகிறது.

எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. கூடத்து மின்விசிறிக் கொக்கியிலிருந்து இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தண்ணீர் சொட்டியது. அதற்கு நேர் மேலே ஓடுகளைப் பெயர்த்து இரண்டு முறை பூசினார்கள். வண்ணப் பூச்சும் ஒரு முறை அடித்தார்கள். மூன்றாம் ஆண்டு மழையில்தான், கொக்கியிலிருந்து 12 அடி தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டி மேடையின் அடிவிளிம்பில் விரல் நுழையும் பிளவு கண்ணில் பட்டது. அங்கே இறங்கிய நீர், கான்கிரீட்டுக்குள் புதைத்த மின்கம்பிக் குழாய்க்குள் புகுந்து, அதன் வழியே ஓடி, கொக்கியின் பெட்டியில் வெளிப்பட்டிருக்கிறது. விளக்குப் பெட்டியிலோ விசிறிக் கொக்கியிலோ சொட்டினால் அந்த இடத்துக்கு மேலே தேடாமல், அந்தக் குழாய் செல்லும் தடம் முழுவதையும் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்த மின்சுற்றை நிறுத்திவிட வேண்டும்.

மழைக்காலத்தில் எழுத வேண்டிய நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டில் வீட்டின் கூரைப் படத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். அறைச் சுவர்கள், தூண், உத்திரம், விளக்குப் பெட்டிகள் ஒரு பக்கத்தில். மாடியின் தொட்டி, குழாய் வாய்கள், படிக்கட்டு அறை, கம்பங்கள் எதிர்ப்பக்கத்தில். இரண்டையும் ஒரே அளவில் வரைந்தால், தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது எதன்மேல் எது இருக்கிறது என்பது தெரியும். ஒழுகல் தெரியும்போதெல்லாம் மழை எப்போது தொடங்கியது, சொட்டு எப்போது விழத் தொடங்கியது, மழை நின்று எத்தனை மணி நேரம் கழித்து நின்றது என்ற மூன்றையும் எழுத வேண்டும்.

இந்த மூன்று நேரங்களிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். மழை தொடங்கிய அரை மணிக்குள் சொட்டினால் நேரான விரிசலோ குழாய் வாயின் பிளவோ இருக்கக்கூடும். அரை நாள் கழித்துத் தொடங்கி, வெயில் அடித்த பிறகும் இரண்டு மூன்று நாள் கசிந்தால் சுண்ணாம்பு அடுக்கு முழுக்க நீர் கோத்திருக்கிறது. மழையே இல்லாத நாளில் கசிந்தால் தொட்டி, அதன் குழாய் இணைப்பு, மாடிக் குளியலறை ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூரைக்குள் எதுவும் தெரியாமல் சுவரின் மேல்விளிம்பு மட்டும் ஓதம் காத்துப் பூச்சு உதிர்ந்தால், கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்க வெடிப்பையோ அதன் தலைப்பூச்சையோ பார்க்க வேண்டும். தளத்தைப் பெயர்த்தாலும் அந்த ஓதம் போகாது.

உட்கூரையில் காவி நிறக் கோடுகள் சம இடைவெளியில் நேராக ஓடினால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுவதால், மூடியிருக்கும் கான்கிரீட்டை அது உள்ளிருந்தே பிளந்து தள்ளும். ஏணியில் ஏறி, சிறு சுத்தியலால் நாலா பக்கமும் மெல்லத் தட்டிப் பாருங்கள். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் காலிப் பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்கும். பொத்தென்று ஒலிக்கும் இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டிலோ ஊஞ்சலோ இருந்தால் அன்றே நகர்த்திவிடுங்கள்.

மழை ஓய்ந்த பிறகு இன்னும் இரண்டு சோதனைகளைச் செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தளத்தின்மேல் விரித்து நான்கு விளிம்பையும் நாடாவால் ஒட்டி, ஓர் இரவு விட்டுக் காலையில் எடுத்தால், அடிப்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருக்கிறதா என்று தெரியும். துளிகள் இருந்தால் தளம் இன்னும் காயவில்லை; எந்தப் பூச்சும் அதன்மேல் நிற்காது. மற்றொன்று நீர் தேக்கும் சோதனை. குழாய் வாயை அடைத்து, களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, பத்துக்குப் பத்து அடியாகப் பகுதி பகுதியாக 2 அங்குல நீரை ஒரு நாள் முழுவதும் நிறுத்திப் பார்ப்பது இது. அவ்வளவு சிறிய பகுதியிலேயே ஏறத்தாழ 470 லிட்டர் நிற்கும். 1,000 சதுர அடி மாடி முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பினால் ஏறத்தாழ நாலே முக்கால் டன் எடை கூரையின்மேல் ஏறும் என்பதால் பகுதி பகுதியாகச் செய்வதே முறை. கம்பி வெளியே தெரியும் கூரையில் இந்தச் சோதனையே வேண்டாம்.

மேற்பூச்சா, பெயர்த்துப் போடுவதா

நோட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய கட்டம் இது. ஓடுகள் உறுதியாக ஒட்டியிருந்து, இடுக்குகளும் மூலைகளும் மட்டும் வெடித்திருந்தால், இடுக்கைக் கீறிச் சுத்தம் செய்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூசி, மூலைகளை உருட்டிக் கட்டுவதே போதும். இந்த எளிய வேலையைச் சொல்லும் ஒப்பந்ததாரர் அதிகம் இல்லை. ஏனெனில் இதில் அவருக்குக் கிடைப்பது குறைவு.

தளம் நன்கு காய்ந்திருந்து, வாட்டம் (நீர் குழாய் வாய்க்கு ஓடுவதற்கான சரிவு) சரியாக இருந்து, மயிரிழை வெடிப்புகள் பரவலாகத் தெரிந்தால் மீள்தன்மையுள்ள மேற்பூச்சைக் கருதலாம். அக்ரிலிக் பூச்சு விலை குறைவு, வெள்ளை நிறத்தில் அடித்தால் மேல்தளத்து அறைகளின் வெக்கையும் தணியும். ஆனால் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் அது சீக்கிரம் உரிந்துவிடும். பாலியூரித்தேன் பூச்சு தேக்கத்தையும் வெடிப்பின் அசைவையும் கூடுதலாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப உயரும். சுண்ணாம்பு அடுக்குக்குள் நீர் இருக்கும்போதே இவற்றில் எதை அடித்தாலும், வெயிலில் ஆவியாகும் நீர் மேலே வர வழியின்றிப் பூச்சை அப்பளம்போல் உப்ப வைக்கும். அடுத்த கோடையில் காலால் மிதித்தாலே அது பெயர்ந்து வரும். போன ஆண்டுதான் பூச்சு அடித்தோம், அதற்குள் போய்விட்டது என்று குறைப்படுகிற வீடுகளில் பலவற்றில் பூச்சின்மேல் குற்றமில்லை. காயாத தளத்தின்மேல் அடித்ததே குற்றம்.

ஓடுகள் காலடியில் அசைந்தாலும், தட்டினால் பெரும்பகுதி பொத்தென்று ஒலித்தாலும், மழை நின்று நாள்கணக்கில் கசிந்தாலும், வாட்டமே தவறாக இருந்தாலும் பழைய தளத்தை முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். இங்கே பலர் ஒரு குறுக்கு வழியை நாடுகிறார்கள். பெயர்க்கும் கூலிக்கு அஞ்சி, பழைய தளத்தின்மேலேயே இன்னொரு தளம் போட்டுவிடுகிறார்கள். 1,000 சதுர அடி மாடியில் 3 அங்குலச் சுண்ணாம்பு அடுக்கும் ஓடும் சாந்தும் சேர்ந்தால் 15 டன்னுக்குக் குறையாது. அவ்வளவு எடையை, ஏற்கெனவே நீர் ஊறிய ஒரு பலகத்தின்மேல் நிரந்தரமாக ஏற்றுவதை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். அடியில் சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிக் கம்பியைத் தின்னுவது தனி.

உட்கூரையில் கம்பி தெரிந்தாலும், காவிக் கோடுகள் பரவியிருந்தாலும், கூரை நடுவே தொய்ந்து தெரிந்தாலும் கொத்தனாரோ பூச்சு விற்பவரோ முடிவு சொல்லக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். துருவைச் சுரண்டிக் கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சாந்தால் கட்டினால் போதுமா, கம்பி சேர்க்க வேண்டுமா, பலகத்தையே மாற்ற வேண்டுமா என்று அவர்தான் கூற வல்லவர்.

தேக்கு உத்திரங்களின்மேல் செங்கலைக் குத்துக்கல்லாகக் கோணவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வகைப் பழைய வீடுகளுக்கு வழி வேறு. அங்கே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பொருந்தும். சிமெண்டைக் கொண்டு மூடினால் ஈரம் மரத்தில் தங்கிவிடும். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதுதான் அங்கே முதல் வேலை.

அளவெடுத்தல்

மதிப்பீடு கேட்பதற்கு முன் அளவுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். தளத்தின் நீள அகலம், கைப்பிடிச் சுவரோர மூலையின் மொத்த நீளம், சுவரின் உட்புறத்தில் பூச்சு ஏற வேண்டிய உயரம், தொட்டி மேடை, படிக்கட்டு அறையின் கூரை, சன்ஷேடுகள் ஆகிய அனைத்தையும் தனித்தனியே எழுதுங்கள். 9 அங்குல ஓடு என்றால் 1,000 சதுர அடிக்கு உடைவையும் சேர்த்து ஏறத்தாழ 1,800 ஓடுகள் தேவைப்படும். மேற்பூச்சு என்றால், டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் பரப்பளவைக் கொண்டு எத்தனை டப்பா வேண்டும் என்று கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது காலி டப்பாக்களை எண்ணினால், பூச்சில் தண்ணீர் எவ்வளவு கலந்தது என்பதை யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

வாட்டத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. நீர் நிரப்பிய லெவல் டியூபைப் பிடித்து, குழாய் வாய்க்கும் எதிர்மூலைக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில், 20 அடி தொலைவுக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலச் சரிவு வேண்டும். ஓர் அங்குல மழை பெய்தால் 1,000 சதுர அடி மாடியில் 2,360 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஏறத்தாழ 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் இருந்தால்தான் அது தேங்காமல் இறங்கும். பழைய வீடுகளில் முழு மாடிக்கும் இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றையோ இரண்டையோ வைத்திருப்பார்கள். தளத்தைப் பெயர்க்கும் சமயத்தில் இன்னொரு வாய் திறப்பது எளிது, பிறகு திறப்பது கடினம்.

அளவெடுக்கும்போது பலரும் மறப்பது படிக்கட்டு அறையின் வாசற்படி. புதுத்தளத்தில் வாட்டத்துக்காக ஒரு பக்கம் 5 அங்குலம் உயர்ந்தால், வாசற்படிக்கும் தளத்துக்கும் இடையில் உயரமே இல்லாமல் போய், சாரல் மழையில் தண்ணீர் படி வழியே வீட்டுக்குள் இறங்கும். கதவைக் கீழே அறுத்து வாசற்படியை உயர்த்த வேண்டுமா என்பதை இப்போதே தீர்மானித்து மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும். சூரிய மின்தகடு பொருத்தும் எண்ணம் இருந்தால் அதையும் இங்கேயே எழுதுங்கள். 25 ஆண்டு நிற்கக்கூடிய தகடுகளின் கால்களைப் பழுதான தளத்தில் ஊன்றிவிட்டால், பின்னர் தளத்துக்காக எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். தாங்கிகளின் இடத்தை முன்பே குறித்து, சிறு கான்கிரீட் மேடைகளைத் தளத்தோடு சேர்த்தே கட்டிவிடலாம்.

ஆளும் ஒப்பந்தமும்

மூன்று பேரிடம் மதிப்பீடு கேளுங்கள். ஆனால் உங்கள் அளவுத் தாளின் ஒரே படியை மூவருக்கும் கொடுத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கைப்பிடிச் சுவரைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் இடிபாட்டை அகற்றுவதைச் சேர்த்திருக்கமாட்டார். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாந்துபோவோம். பழைய தளத்தைப் பெயர்த்தல், கீழே இறக்குதல், வண்டியில் ஏற்றி அகற்றுதல், விரிசல்களை அடைத்தல், தளம் போடுதல், ஓடு பதித்தல், மூலை உருட்டுதல், குழாய் வாய் மாற்றுதல், நனைத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி கேட்க வேண்டும். நனைக்கும் பொறுப்பு யாருடையது என்பது எழுதப்படாமல் விடுபடும் வரி. அதனாலேயே பல தளங்கள் வெடிக்கின்றன.

அவர் செய்த வேலையைக் கைப்பேசிப் படத்தில் காட்டினால் போதாது. மூன்று மழைக்காலங்களைக் கண்ட தளம் ஒன்றின் முகவரியைக் கேட்டு, அந்த வீட்டாரின் அனுமதியோடு மாடியேறிப் பாருங்கள். மூலைப் பூச்சில் விரல் நகத்தை விட்டுப் பாருங்கள். பத்தாண்டு உத்தரவாதம் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால், அது பொருள் செய்த நிறுவனத்தின் உத்தரவாதமா, அடித்தவரின் உத்தரவாதமா, கூலியும் அதில் அடங்குமா என்று கேட்க வேண்டும். டப்பாவை மட்டும் மாற்றிக் கொடுக்கும் உத்தரவாதத்தால் ஒழுகல் நிற்காது.

பணத்தைத் தவணைகளாகப் பிரித்து எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. பொருள் இறங்கும்போது ஒரு பங்கு, பெயர்த்துச் சுத்தம் செய்து பலகத்தைக் காட்டும்போது ஒரு பங்கு, ஓடு பதித்து முடிந்ததும் ஒரு பங்கு, நீர் தேக்கும் சோதனை முடிந்த பிறகு மிச்சம். நாள்கூலிக்கு விடுவதானால் பெயர்க்கும் வேலையை மட்டும் அப்படி விடலாம். மற்றதை அளவுக்கணக்கில் பேசுவதே தகராறில்லாதது. வேலையாட்களின் பாதுகாப்பு யார் பொறுப்பு என்பதையும், கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் விளிம்பு வேலைக்குச் சாரமும் இடுப்புக் கயிறும் தருபவர் யார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். மாடியை ஒட்டி மின்கம்பி போனால் மின்வாரியத்திடம் முன்கூட்டியே சொல்லி வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்கு முந்திய வாரம்

மாடியில் இருக்கும் அனைத்தையும் இறக்க வேண்டும். தொட்டிச் செடிகள், துணிக்கொடிக் கம்பங்கள், உடைந்த நாற்காலி, என்றைக்காவது பயன்படும் என்று வைத்திருக்கும் ஓட்டு அடுக்கு, டிஷ் ஆண்டெனா, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி எல்லாம் இதில் அடங்கும். ஆண்டெனாவின் கால்களைத் தளத்தில் ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த ஆணித் துளைகளும் ஒழுகல் வழிகளே. மாடியில் கல்நார் தகடு வேய்ந்த கொட்டகை இருந்தால் அதை உடைத்து இறக்கக் கூடாது; நீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு டன் எடை. அதைக் காலி செய்து நகர்த்தும் நாள்களில் குடும்பத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். சுண்ணாம்புத் தளத்தையும் ஓட்டு இடுக்குகளையும் பத்து நாளாவது நனைக்கத் தனியாகத் தண்ணீர் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் கிள்ளிப்போட்டால் போகாது. மேலே நாலு இலைதான் தெரியும்; உள்ளே அதன் வேர் செங்கல் வரிசையின் ஊடே ஒரு முழத்துக்கு ஓடியிருக்கும். பூச்சைக் கொத்தி, செங்கல்லை எடுத்து, வேரை முழுதும் உருவிய பிறகே அந்த இடத்தைக் கட்ட வேண்டும். தளவேலை முடிந்தபின் இதைச் செய்தால் புதிய மூலைப் பூச்சு பாழாகும்.

மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதால், மாடிக்குழாய்கள் பெரும்பாலான வீடுகளில் சேகரிப்புக் குழிக்கோ கிணற்றுக்கோ போகின்றன. பெயர்க்கத் தொடங்குவதற்கு முன் குழாய் வாய்களைச் சாக்குத் துணியால் இறுக அடைத்து, கீழே குழிக்குப் போகும் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால்கூடச் சிமெண்ட் பாலும் சுண்ணாம்புத் தூளும் இறங்கி, குழியின் மணலும் ஜல்லியும் இறுகிப்போகும். மேற்பூச்சு அடித்த மாடியாக இருந்தால், முதல் ஒன்றிரண்டு மழையையும் வெளியே விட்டுவிட்டுப் பிறகே இணைப்பை மாட்டுவது நல்லது.

இடிபாட்டுக்கு இடம் பார்ப்பது அடுத்த ஏற்பாடு. 1,000 சதுர அடியில் பெயர்த்தெடுக்கும் ஓடும் ஜல்லியும் உதிர்ந்த நிலையில் ஏறத்தாழ ஐந்து யூனிட், அதாவது 500 கன அடி, வரும். அதை மாடியின் நடுவே மலையாகக் குவிக்க விடாதீர்கள். சாக்கில் கட்டி, கீழே சுவரோ உத்திரமோ இருக்கும் வரிசையில் பரவலாக வைத்து, அன்றன்றே இறக்க வேண்டும். கட்டட இடிபாடுகளுக்கென உள்ள மத்திய அரசின் விதிகள், அவற்றைத் தெருவிலும் வடிகாலிலும் கொட்டுவதைத் தடுக்கின்றன. உங்கள் உள்ளாட்சி அமைப்பு காட்டும் இடத்தை முன்பே விசாரித்து வைத்தால், நடுவேலையில் வண்டிக்காரரோடு வாதாட வேண்டியிராது. நொறுங்கிய ஜல்லியைத் தாழ்வான மனை நிரப்பக் கேட்பவர்களும் உண்டு.

பெயர்ப்பதற்கு இயந்திரச் சம்மட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதன் அதிர்ச்சி அடியிலிருக்கும் பலகத்தில் புதிய விரிசல்களை உண்டாக்கும். உளியும் கைச்சுத்தியலும் மெதுவாக இருந்தாலும் அவையே போதும். மேல்தளத்து அறைகளில் உட்கூரைத் துகள் விழும் என்பதால் அலமாரிகளைப் போர்த்தி, கட்டில்களை ஒதுக்கி, முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் பகலில் வேறிடத்தில் இருக்கச் செய்வது நலம். பக்கத்து வீட்டாருக்கு எந்த நாள் சத்தமும் தூசும் வரும் என்று முந்திய நாளே சொல்லிவிட்டால், அவர்கள் துணி காயப்போடுவதை மாற்றிக்கொள்வார்கள்.

கோடையானாலும் திடீர் மழைக்கு ஆயத்தம் இருக்க வேண்டும். முழு மாடியையும் ஒரே நாளில் திறக்காமல், ஒரு வாரத்தில் மூட முடிந்த அளவை மட்டும் திறந்து வேலை செய்யச் சொல்லுங்கள். அந்த அளவுக்குப் போதுமான தார்பாலினும் அதை அழுத்த மணல் மூட்டைகளும் மாடியிலேயே இருக்கட்டும்.

பலகம் தெரியும் நாள்

பெயர்த்துக் கழுவிய பிறகு கான்கிரீட் பலகம் வெளியே தெரிகிற ஒன்றிரண்டு நாள்களில் வேறு எந்த வேலை இருந்தாலும் விடுப்பெடுத்து மாடியில் நில்லுங்கள். இதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு அதைப் பார்க்க முடியாது. காலை ஏழு மணிக்கு ஒரு முறை கழுவிவிட்டு, வெயில் ஏறக் காத்திருந்தால், தளம் முழுதும் வெளுத்துக் காயும்போது விரிசல்கள் மட்டும் கறுத்த கோடுகளாக ஈரத்தோடு நிற்கும். எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. அந்தக் கோடுகளைச் சாக்குக்கட்டியால் தடவி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, மழைக்கால நோட்டில் குறித்த இடங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் நோய் பிடிபட்டது. பொருந்தாமல் ஓர் ஒழுகலுக்கு மட்டும் விடை இல்லையென்றால், அதைக் கண்டுபிடிக்கும்வரை மேல் அடுக்கைப் போட விடக்கூடாது.

விரிசல்களை ஆங்கில வி எழுத்தின் வடிவில் கீறி, பாலிமர் சாந்தால் அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துக் காய்ந்த பின், பகுதி பகுதியாக நீர் தேக்கி ஒரு நாள் பாருங்கள். கீழே ஒரு சொட்டும் இல்லையென்றால் சுண்ணாம்புத் தளத்துக்கு அனுமதி கொடுக்கலாம். அடித்த தளம் போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதைக் கட்டையே சொல்லும். இளகிய தளத்தில் கட்டை பதியும், இறுகிய தளத்தில் எகிறும். ஓடு பதித்த மறுநாள் முதல் சாக்கு விரித்து, அது ஒருபோதும் காயாதபடி பத்து நாள் தண்ணீர் விட வேண்டும்.

வேலை முடிந்ததும் கடைசித் தவணைக்கு முன் இன்னொரு முறை நீர் தேக்கிப் பார்த்து, குழாய் வாய் திறந்தவுடன் எந்த மூலையிலாவது குட்டை நிற்கிறதா என்று கவனியுங்கள். மிஞ்சிய ஓடுகளில் இருபத்தைந்தைப் படிக்கட்டின் அடியில் அடுக்கிவிட்டு, பூச்சு டப்பாவின் பெயரும் தொகுதி எண்ணும் தெரியும் படத்தை அச்செடுத்து, ரசீதுகளோடும் பலகத்தின் விரிசல் படங்களோடும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். ஐப்பசியில் முதல் அடைமழை பெய்யும் இரவில் அதே நோட்டை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே குறித்த ஒவ்வோர் இடத்துக்கும் கீழே கைவிளக்கோடு நின்று பார்த்து, தேதியைப் போட்டு எழுதிவிட வேண்டும்.